நத்தார் தாத்தா கடைசியாகத்தான் வருவார்: ரொறன்ரோ ஊர்வலத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

நாங்கள் கனடா வந்த முதல் வருடம், நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில், பன்னிரண்டரைக்குத் தொடங்கும் 'சான்ரா குளோஸ் பரேட்' என்ற நத்தார் தாத்தா ஊர்வலத்துக்குப் பன்னிரண்டு இருபதுக்குப் போய் இறங்கினோம். ஊரில் தேர் பார்க்கப் போன பழக்கம். தேர் உயரம், எங்கே நின்றாலும் தெரியும். இங்கே எனக்கு முன்னால் ஆறு வரிசை முதுகுகள். மகனுக்கு ஓடுகிற சப்பாத்து, எனக்கு ஊரில் வாங்கிய தோல் சப்பாத்து. அரை மணி நேரம் தோளில் தூக்கி வைத்திருந்தேன். கால்விரல் மரத்துவிட்டது என்று அவன் அழத் தொடங்கியதும் திரும்பிவிட்டோம். அன்று பின்னேரம் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் விளங்கியது: நத்தார் தாத்தா ஊர்வலத்தின் கடைசி வண்டியில் வருகிறார். யாரைப் பார்க்கப் போனோமோ அவரைப் பார்க்காமலே வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு வருடமும் விடவில்லை. அத்தனை வருடத்தில் படித்ததெல்லாம் ஒன்றுதான். ஊர்வலத்தை அவர்கள் நடத்திக்கொள்வார்கள், நாம் ஏற்பாடு செய்ய வேண்டியது காத்திருப்புக்கு. பிள்ளைகள் குளிரில் மூன்று மணி நேரம் சந்தோஷமாக இருந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக நடக்கும். கீழே எழுதியிருப்பது முழுக்க அதற்குத்தான்.

இது என்ன ஊர்வலம்

கிறிஸ்தவ ஊர்வலமா, நாங்கள் சைவக்காரர் போகலாமா என்று புதிதாக வந்த ஒரு அக்கா என்னிடம் கேட்டார். இதைத் தொடங்கியது கோயிலுமல்ல, தேவாலயமுமல்ல, ஒரு கடை. ஈட்டன்ஸ் என்ற பெரிய பல்பொருள் அங்காடி 1905 டிசெம்பர் 2ஆம் திகதி யூனியன் ரயில் நிலையத்திலிருந்து நத்தார் தாத்தாவைத் தன் கடைக்கு அழைத்து வந்தது. அதுதான் முதல் ஊர்வலம். 1913இல் அவருடைய வண்டியை இழுக்க லாப்ரடோரிலிருந்து உண்மையான கலைமான்களைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளைக் காட்டிப் பெற்றோரைக் கடைக்குள் இழுப்பதுதான் நோக்கம், அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

1982இல் ஈட்டன்ஸ் இனி நடத்த முடியாது என்று கைவிட்டது. நகரத்து வணிகர்கள் சிலர் சேர்ந்து பொறுப்பெடுத்தார்கள். காசு கொடுத்து, கோமாளி உடுப்புப் போட்டு, ஊர்வலத்தில் நடக்கும் பிரமுகர்களை இன்றைக்கும் பார்க்கலாம். பிள்ளைகளோடு கைதட்டிக்கொண்டு போகிற அந்தக் கோமாளி ஏதாவது ஒரு நிறுவனத்தின் தலைவராக இருக்கக்கூடும். கடை 1999இல் முறிந்து மூடப்பட்டது, ஊர்வலம் நிற்கவில்லை. கொரோனாக் காலத்தில், 2020இலும் 2021இலும், பார்வையாளர் இல்லாமல் படம்பிடித்துத் தொலைக்காட்சியில் மட்டும் காட்டினார்கள். 2022இல் திரும்பவும் வீதிக்கு வந்தது.

ஆகவே, அக்கா, தாராளமாகப் போகலாம். தலைப்பாகை கட்டியவர்களும் முக்காடு போட்டவர்களும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ரிக்கெற் கிடையாது, வீதியோரத்தில் நின்று பார்க்கிறதுக்கு ஒரு சதமும் வேண்டாம்.

நாளும் பாதையும்

நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. 2023இல் 26ஆம் திகதி, 2024இல் 24ஆம் திகதி. நத்தாருக்கு ஒரு மாதம் முந்தி என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. டிசெம்பரில் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்து தவறவிட்ட குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து. ஒக்ரோபர் கடைசியில் திகதியைத் தேடிப் பார்த்து, வேலையிடத்தில் அந்த ஞாயிறு லீவு கேட்டுவிடுங்கள்.

பாதை வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். முன்பு கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காப் பக்கமிருந்து புறப்பட்டது, பிறகு தொடக்கத்தை மாற்றினார்கள். ஆனால் நடுப்பகுதி பெரும்பாலும் மாறுவதில்லை: புளோர் வீதி, அங்கிருந்து குயின்ஸ் பார்க்கைச் சுற்றி, யுனிவேர்சிற்றி அவெனியூ வழியாகத் தெற்கே இறங்கி, நகரத்தின் கீழ்ப்பகுதியில் முடியும். அந்த வருடத்து வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். போன வருடம் மச்சான் சொன்ன இடம் என்று நம்பிப் போகக் கூடாது.

எங்கே நிற்பது

கையில் பிள்ளை உள்ளவர்களுக்கு நான் சொல்வது யுனிவேர்சிற்றி அவெனியூ. புளோர் வீதி ஒடுக்கம், கடைகளும் சனமும் நெருக்கியடிக்கும். யுனிவேர்சிற்றி அகலமான வீதி, நடைபாதையும் அகலம். இருபுறமும் பெரிய ஆஸ்பத்திரிகள், அவற்றில் ஒன்று பிள்ளைகளுக்கான சிக் கிட்ஸ். அந்த ஆஸ்பத்திரி வாசல்களில் மட்டும் வழியை மறித்து நிற்க வேண்டாம். உள்ளே போகிறவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்ல.

இரண்டாவது, பக்கம். நவம்பர் கடைசியில் வெயில் தாழ்வாகத் தெற்கில்தான் நிற்கும், மத்தியானத்துக்குப் பிறகு மேற்குப் பக்கம் சாயும். கிழக்குப் பக்க நடைபாதையில், கட்டடம் மறைக்காத இடைவெளி ஒன்றுக்கு நேரே நின்றால் முகத்தில் கொஞ்சம் வெயில் படும். மேகமாக இருந்தால் இந்தச் சூத்திரம் பலிக்காது, ஆனால் வெயில் இருக்கிற நாளில் நிழல் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளையின் மூக்கில் தெரியும்.

மூன்றாவது, ஊர்வலம் வரத் தொடங்கிவிட்டால் வீதியைக் குறுக்கே கடக்க விடமாட்டார்கள். எந்தப் பக்கம் நிற்பது என்பதை முதலே முடிவு செய்யுங்கள். சித்தப்பா குடும்பம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் என்று ஒருமுறை மாட்டிக்கொண்டோம். சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் முழுக்க அந்தப் பக்கத்தில்!

எத்தனை மணிக்குப் போவது? முன்வரிசை வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் போனால் பிள்ளை களைத்துவிடும், பதினொன்றரை தாண்டினால் இரண்டாம் மூன்றாம் வரிசைதான். ஊர்வலம் தொடங்கும் நேரமும் அது உங்களிடம் வந்து சேரும் நேரமும் ஒன்றல்ல என்பதையும் கணக்கில் எடுங்கள். பாதையின் கீழே போகப் போகப் பிந்திக்கொண்டே போகும். ஆக, தூங்குகிற வயதுப் பிள்ளை என்றால் மேல்பக்கம், குயின்ஸ் பார்க்குக்குக் கிட்ட நில்லுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் கீழே இறங்கி நிற்கலாம்.

காரை வீட்டில் விடுங்கள்

டவுண்ரவுனில் அன்றைக்கு வீதிகள் மூடியிருக்கும், பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும். ஸ்காபரோவில் இருப்பவர்கள் பஸ்ஸில் கெனடி ஸ்ரேஷனுக்கு வந்து, சப்வேயின் இரண்டாம் இலக்கத் தடத்தில் சென்ற் ஜோர்ஜ் வரை போய், அங்கே முதலாம் இலக்கத் தடத்துக்கு மாறித் தெற்கே இறங்கினால் குயின்ஸ் பார்க், சென்ற் பற்றிக், ஒஸ்கூட் என்று வரிசையாக வரும் ஸ்ரேஷன்களில் ஒன்றில் இறங்கி யுனிவேர்சிற்றி அவெனியூவிலேயே மேலே வரலாம். முன்பு ஸ்காபரோ ரவுண் சென்ரரிலிருந்து வந்த சிறிய ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டதோடு நின்றுபோனது, இப்போது அதற்குப் பதிலாக பஸ்.

12 வயதுப் பிள்ளைகளுக்கும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் ரீரீசியில் (ரொறன்ரோ நகர பஸ், சப்வே சேவை) காசு இல்லை. பெரியவர்கள் பிறெஸ்ரோ என்ற பயண அட்டையையோ வங்கி அட்டையையோ தட்டினால் போதும், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை தரமும் ஏறி இறங்கலாம். மார்க்கம் பக்கத்தவர்களுக்கு, புறநகர்களிலிருந்து நகரத்துக்கு ஓடும் கோ ரயில் வசதி. அதிலும் 12 வயது வரை இலவசம். வார இறுதியில் பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமான அனுமதி 10 டொலர், அதை இணையத்தில் வாங்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஞாயிறு காலை சப்வே மற்ற நாள் போல ஆறு மணிக்கு ஓடாது, எட்டு மணியளவில்தான் தொடங்கும். வார இறுதிகளில் பராமரிப்புக்காகத் தடத்தின் ஒரு துண்டை மூடிவிடும் வழக்கமும் உண்டு, முதல்நாள் இரவே பார்த்து வையுங்கள். ஸ்ரோலர் கொண்டுபோகிறவர்கள் லிஃப்ற் உள்ள ஸ்ரேஷனாகப் பார்த்து இறங்குங்கள். குயின்ஸ் பார்க்கிலும் ஒஸ்கூட்டிலும் உண்டு.

உடுப்பு: இதில்தான் எல்லாம் இருக்கிறது

வெப்பநிலை சுழியத்துக்கு மேலே மூன்று, நாலு என்று இருக்கும். 'அவ்வளவு குளிரில்லையே' என்று தோன்றும். நடந்துகொண்டிருந்தால் உண்மைதான். ஆனால் இங்கே நடப்பதில்லை, சீமெந்து நடைபாதையில் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கிறோம். குளிர் மேலிருந்து வராது, காலுக்குக் கீழிருந்து ஏறும். யுனிவேர்சிற்றி அவெனியூவில் ஏரிப்பக்கக் காற்றும் சேரும்.

பிள்ளைக்கு ஒரு தடித்த ஜக்கெட் போட்டுவிட்டால் போதும் என்பது நம்மவர் எல்லோரும் முதல் வருடத்தில் செய்யும் பிழை. அடுக்கடுக்காகப் போட வேண்டும்: உடம்போடு ஒட்டிய உள்ளாடை, அதற்கு மேல் கம்பளிச் சுவெற்றர், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜக்கெட். கீழே ஸ்னோ பாண்ட். ஸ்னோ இல்லாத நாளிலும் போடுங்கள், பிள்ளை நிலத்தில் இருக்கத்தான் போகிறது. கைக்கு விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிற்றன் சூடு. காதை மூடும் ரூக் தொப்பி. கம்பளிச் சொக்ஸ் ஒன்று போதும். இரண்டு சோடி போட்டுச் சப்பாத்துக்குள் காலை இறுக்கினால் இரத்தம் ஓடாமல் இன்னும் வேகமாக மரக்கும்.

பெரியவர்களும் இதே மாதிரித்தான். நத்தார் என்றால் நல்ல சேலை கட்டிப் படம் எடுக்க வேண்டும் என்று என் மாமியார் ஒரு வருடம் பட்டுடுத்தி வந்தார். படம் நன்றாக வந்தது. மனுஷி பாதி ஊர்வலத்தை ஒரு கோப்பிக்கடைக்குள் இருந்து கண்ணாடியால்தான் பார்த்தார்.

இனி, பணம் செலவில்லாத ஒரு வித்தை. தமிழ்க் கடையில் மாம்பழப் பெட்டி, மரக்கறிப் பெட்டி என்று மட்டைப் பெட்டிகள் சும்மா கிடக்கும். இரண்டைக் கேட்டு வாங்கி, பிரித்துத் தட்டையாக்கிக் கொண்டுபோங்கள். ஒன்று பிள்ளைகள் இருக்க, மற்றது நீங்கள் நிற்க. சீமெந்துக்கும் பாதத்துக்கும் இடையில் ஒரு மட்டை இருந்தால் நம்ப முடியாத அளவுக்குக் குளிர் குறையும். மடக்குக் கதிரை கொண்டுவருகிறவர்களும் உண்டு, ஆனால் பின்னால் நிற்கிறவர்களுக்கு அது இடைஞ்சல். கை சூடாக்கும் சிறு பொதிகள் மலிவுக் கடைகளில் கிடைக்கும். அதைத் தோலில் நேரே வைக்காமல் மிற்றனுக்கு வெளிப்பக்கமாகவோ பொக்கற்றுக்குள்ளோ வையுங்கள்.

சாப்பாடும் மற்ற அவசரமும்

பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட தேத்தண்ணி, இன்னொன்றில் பிள்ளைகளுக்கு மைலோ. சாப்பாடு கையுறையோடு சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும்: ரோல்ஸ், கட்லட், மாலுப் பாண், வடை. சோறு கறி வேண்டாம். சம்பல் வைத்த சாண்ட்விச் நல்லது, வாசத்தைப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவரும் கேட்பார், ஒன்று கூடுதலாகக் கட்டுங்கள். எங்களுக்கு வருடாவருடம் பக்கத்தில் நிற்கும் ஒரு போர்த்துக்கீசக் குடும்பத்தோடு பழக்கமானது இப்படித்தான்.

கழிப்பறைதான் உண்மையான சிக்கல். பாதையோரத்தில் எளிதில் கிடைக்காது. கிடைக்கிற இடத்தில் வரிசை. புறப்படுகிறபோது வீட்டில் ஒருமுறை, டவுண்ரவுன் வந்திறங்கியதும் இடம்பிடிக்கும் முன் ஒரு கோப்பிக்கடையில் ஒருமுறை என்று பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தியே போக வையுங்கள். தேத்தண்ணியை ஊர்வலம் கண்ணில் தெரிந்த பிறகு ஊற்றிக் கொடுத்தால் போதும்.

ஊர்வலம் வரும்போது

முதலில் பொலிஸ் மோட்டார்சைக்கிள், பிறகு இசைக்குழு, கோமாளிகள், அலங்கார வண்டிகள், மறுபடி இசைக்குழு. ஊதுகுழல் ஊதுகிற பெடியங்களின் விரல்கள் குளிரில் சிவந்திருக்கும். ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் சில வேளை ஐந்து நிமிடம் வெறும் வீதிதான் தெரியும். முடிந்துவிட்டது என்று நினைத்து எழும்பாதீர்கள். எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பங்கள் அப்படி எழும்பிப் போனதால் எங்கள் பிள்ளைகளுக்கு முன்வரிசை கிடைத்த வருடமும் உண்டு. நத்தார் தாத்தா தன் கலைமான் வண்டியில் வந்து போகும் வரை முடியவில்லை.

பிள்ளை வீதிக்குள் இறங்காமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. வண்டிகள் மெதுவாகத்தான் வரும், ஆனால் ஓட்டுகிறவருக்குச் சக்கரத்துக்குக் கிட்ட நிற்கும் குழந்தை தெரியாது. உங்கள் கைத்தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளையின் மணிக்கட்டில் பேனையால் எழுதிவிடுங்கள். தொலைந்தால் அம்மாவைத் தேடி ஓடாமல் நின்ற இடத்தில் நின்று, பொலிஸிடமோ பிள்ளை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடமோ சொல்லச் சொல்லுங்கள். இதைச் சப்வேயில் போகும்போதே இரண்டு தரம் சொல்லிக் கேட்க வையுங்கள்.

கடைசி வண்டி போனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்ரேஷனுக்குள் இறங்குவார்கள். அந்த அரை மணி நேரத்தை விட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் நேதன் பிலிப்ஸ் சதுக்கம் வரை நடப்போம். மாநகர மண்டபத்துக்கு முன்னால் பெரிய நத்தார் மரம், பக்கத்தில் பனிச்சறுக்குத் தளம். ஐந்து மணிக்கு முன்னமே இருட்டிவிடும், விளக்குகளைப் பார்த்துவிட்டு ரயில் ஏறலாம். குயின் வீதியும் யங் வீதியும் சந்திக்கிற இடத்தில் ஹட்சன்ஸ் பே கடையின் நத்தார்க் கண்ணாடிக் காட்சிகளைப் பார்ப்பது முன்பு இந்த நாளின் அடுத்த பகுதி. அந்தக் கடை 2025இல் மூடப்பட்டுவிட்டது. பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டு அங்கே தேடிப் போகாதீர்கள்.

இதெல்லாம் அதிகம், சின்னக் குழந்தையோடு முடியாது என்றால் உங்கள் பகுதி ஊர்வலத்துக்குப் போங்கள். மார்க்கத்தில் மெயின் வீதியில் நடக்கும், பிராம்ப்ரனில் இருட்டிய பிறகு விளக்கு வண்டிகளோடு வரும். சின்ன ஊர்வலம்தான், ஆனால் நத்தார் தாத்தா அதேதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்குள் ஒரு வழக்கம்

பள்ளிக்கூடத்தில் 'உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்' என்று பிள்ளையிடம் கேட்பார்கள். அதற்காக எல்லாவற்றையும் இரவல் வாங்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மரம் வைப்போம், வான்கோழி சமைப்பதில்லை. ஒருமுறை சமைத்தோம், யாரும் சாப்பிடவில்லை. 25ஆம் திகதி ஆட்டிறைச்சிக் கறியும் இடியப்பமும். ரவையும் கஜுவும் போட்ட நம் ஊர் ரிச் கேக்கை நவம்பரிலேயே செய்து, எண்ணெய்த்தாளில் சுற்றி வைப்போம். பக்கத்து வீட்டு மனுஷிக்கு அதில் ஒரு துண்டு கொடுக்கப் போய், இப்போது டிசெம்பர் பிறந்தாலே அவர் படியில் மறித்து விசாரிக்கிறார். ஒன்ராறியோவில் 25ஆம் 26ஆம் திகதிகள் இரண்டும் பொது விடுமுறை. இரண்டாம் நாள் கடைக்கு ஓடாமல் உறவினர் வீட்டுக்குப் போவது என்று வைத்துக்கொண்டோம்.

பரிசு விஷயத்தில் மட்டும் முதல் வருடமே ஒரு எல்லை போடுங்கள். பெரிய குடும்பம் என்றால் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, ஒருவருக்கு ஒருவர், இவ்வளவு டொலருக்கு மேல் இல்லை என்று பேசிக்கொள்ளலாம். கடன் அட்டையில் வாங்கிக் கொடுத்த விளையாட்டுச் சாமானுக்கு ஏப்ரல் வரை வட்டி கட்டியவன் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது காசில்லாத வேலைதான்: நத்தார் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுவது. கனடாத் தபால் சேவை உண்மையாகவே பதில் அனுப்பும், முத்திரை தேவையில்லை. நத்தார் தாத்தா, வடதுருவம், கனடா என்று எழுதி, தபால் குறியீடாக எச்-0-எச் 0-எச்-0 போட வேண்டும். சுழியத்தை ஓ என்று வாசித்தால் ஹோ ஹோ ஹோ. நத்தாருக்கு முன் பதில் வர வேண்டுமென்றால் டிசெம்பர் முதல் வாரத்துக்குள் தபாலில் போடுங்கள். ஊர்வலத்தில் தபால்காரர்கள் பையோடு நடந்து கடிதம் சேகரிப்பதும் பல வருட வழக்கம். முன்வரிசையில் நிற்கிற பிள்ளை தன் கையாலேயே கொடுக்கலாம்.

அனுப்புகிறவர் முகவரியைப் பெரியவர்கள் எழுதிக் கொடுங்கள், அப்பார்ட்மென்ற் இலக்கத்தை மறக்க வேண்டாம். இருபது மாடியில் பிள்ளை எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று நத்தார் தாத்தாவுக்குத் தெரியும், தபால்காரருக்குத் தெரியாது.